தொடர்பு தளர்ந்தால் நினைவு தளரும்

(உலக அல்சைமர் நாளையொட்டி, தருமபுரி மாவட்டம் தொப்பூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாளையொட்டி நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: முதுமையும் மறதி நோயும் நம் மூளைக்குள் இருக்கும் தொடர்புகளை என்ன செய்கின்றன? கேட்பதற்கு ஆய்வுக்கூடத்துச் சங்கதி போலத் தோன்றும். ஆனால் இது நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் சங்கதி. நாளைக்கு அந்தத் திண்ணையில் உட்காரப்போகிற நம்முடைய சங்கதி.

ஐம்பது ஆண்டுகளாக ராகிக் களி கிண்டிய ஓர் ஆயாவை நினைத்துக்கொள்ளுங்கள். உலையில் தண்ணீர் கொதிக்கிறது. நொய் வெந்துவிட்டது. மாவைக் கொட்ட வேண்டும். ஆயா மருமகளைப் பார்த்து, "உப்பு போட்டேனா?" என்று கேட்கிறார். இது முதுமை. இதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. இன்னொரு நாள் வருகிறது. அதே உலை, அதே கொதி. மாவுக் கிண்ணம் கையில் இருக்கிறது. ஆயா அப்படியே நிற்கிறார். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. எதற்காக அடுப்படிக்கு வந்தோம் என்பதும் தெரியவில்லை. இது முதுமை இல்லை, இது நோய். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில் மூளைக்குள் என்ன நடந்தது? அதைத்தான் நாம் இன்று பார்க்கப்போகிறோம்.

1906ஆம் ஆண்டு நவம்பரில், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அலோய்ஸ் அல்சைமர் ஒரு பெண்ணின் நோயைப் பற்றிப் பேசினார். அகஸ்டே என்ற அந்த அம்மையார் ஐம்பது வயதை ஒட்டியே நினைவு குழம்பி மருத்துவமனைக்கு வந்தவர். அவர் இறந்த பிறகு அவருடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்த அல்சைமர், நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த படிவுகளையும் அணுக்களுக்குள்ளே முறுக்கிக்கிடந்த இழைகளையும் கண்டார். அன்று தொடங்கி நெடுங்காலம் மருத்துவ உலகம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மூளையின் எந்தப் பகுதி கெட்டது?

அந்தக் கேள்வி தவறானதில்லை. ஆனால் அது பாதிக் கேள்விதான். நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. தனித்தனியே அவற்றால் எதுவும் ஆகாது. ஒரு முகத்தைப் பார்த்து, அதன் பெயரை நினைத்து, "வாங்க, உட்காருங்க" என்று சொல்வதற்குக்கூட, கண்ணுக்குப் பொறுப்பான பகுதியும் நினைவுக்குப் பொறுப்பான பகுதியும் பேச்சுக்குப் பொறுப்பான பகுதியும் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று பேச வேண்டும். சேர்ந்து வேலை செய்யும் அந்தக் கூட்டணிகளைத்தான் செயல்சார் வலையமைப்புகள் என்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டணியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1990இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய அறிஞர் ஒரு வழி காட்டினார். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறி இறங்குவதை எம்.ஆர்.ஐ. கருவி படம் பிடிக்கும். மூளையில் எந்தப் பகுதி உழைக்கிறதோ அங்கே ரத்தம் பாயும், படத்தில் தெரியும். 1995இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருந்த பரத் பிஸ்வால் என்ற இந்திய வம்சாவளி ஆய்வாளர் அடுத்த அடி வைத்தார். கையை அசைக்காமல் சும்மா படுத்திருப்பவர்களை அவர் படம் பிடித்தார். கை சும்மா இருக்கிறது. ஆனால் மூளையில் கையை இயக்கும் இடப் பகுதியும் வலப் பகுதியும் மெதுவாக, ஒரே தாளத்தில், ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சேர்ந்து உழைக்கும் பகுதிகள் ஓய்விலும் சேர்ந்தே இருக்கின்றன! படம் எடுக்க வருபவர் எதையும் எழுத வேண்டாம், படிக்க வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். சில நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் போதும். மூளையின் தொடர்பு வரைபடம் கிடைத்துவிடும்.

2001இல் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த மார்கஸ் ரெய்க்லே இன்னொன்றைச் சொன்னார். நாம் ஒரு வேலையில் இறங்கும்போது மூளையின் சில பகுதிகள் அடங்குகின்றன. வேலை முடிந்து சும்மா இருக்கும்போது அவை விழித்துக்கொள்கின்றன. அதற்கு இயல்புநிலை வலையமைப்பு என்று பெயர். நெற்றிக்குப் பின்னால் நடுவில் ஒரு முனை. தலையின் பின்பக்கம் நடுவில் ஒரு முனை. பக்கவாட்டில் சில முனைகள். நேற்று நடந்ததை நினைப்பது, நாளை நடக்கப்போவதை எண்ணுவது, "நான் யார், என் மக்கள் யார்" என்று தன் கதையைத் தானே கோத்துக்கொள்வது, இவையெல்லாம் அந்தக் கூட்டணியின் வேலை. உடல் எடையில் இரண்டு சதவீதமே இருக்கும் மூளை, உடலின் ஆற்றலில் இருபது சதவீதத்தைச் செலவழிக்கிறது. நாம் சும்மா இருக்கும்போதும் அந்தச் செலவு பெரிதாகக் குறைவதில்லை.

தொப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க நான் வெளியூர் போக வேண்டியதில்லை. காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் நெடுஞ்சாலை உங்கள் கணவாய் வழியாகத்தான் இறங்குகிறது. மேச்சேரி, மேட்டூர், பவானி போகும் சாலையும் உங்கள் ஊரில்தான் பிரிகிறது. கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் என்ன ஆகிறது? தருமபுரியும் இருக்கிறது, சேலமும் இருக்கிறது. இரண்டு ஊரிலும் ஒரு கல்கூடப் பெயரவில்லை. ஆனாலும் சரக்கு போய்ச் சேரவில்லை. வேறு வழி தெரிந்தவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். சுற்றுப்பாதையில் நெரிசல் கூடுகிறது. எந்தச் சந்திப்பில் வண்டி அதிகமோ அந்தச் சந்திப்பின் சாலைதான் முதலில் தேய்கிறது. மூளையிலும் இதே மூன்றும் நடக்கின்றன: ஊர்கள் இருக்க வழி அடைபடுகிறது, சுற்றுவழியில் பாரம் கூடுகிறது, அதிகம் உழைத்த சந்திப்பு முதலில் தேய்கிறது.

முதலில் நோயில்லாத முதுமையை எடுத்துக்கொள்வோம். இளம் வயதில் ஒவ்வொரு கூட்டணியும் தன் வேலையைத் தான் பார்க்கும். அடுத்ததன் வேலையில் தலையிடாது. வயது ஏற ஏற இந்தப் பிரிவினை மங்குகிறது. இருபது வயதினர் முதல் எண்பது கடந்தவர்கள் வரை படம் பிடித்துப் பார்த்த டல்லஸ் நகர ஆய்வாளர்கள் 2014இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். பிரிவினை எவருக்கு மங்கியிருந்ததோ, அவருக்கு நினைவாற்றலும் குறைந்திருந்தது. அதற்கு முன்பே, 2007இல், இயல்புநிலை வலையமைப்பின் முன்முனைக்கும் பின்முனைக்கும் உள்ள பிணைப்பு வயதோடு தளர்வதும் தெரிந்துவிட்டது.

இதன் பொருள் என்ன? ஒரு வேலையில் இறங்கும்போது அடங்க வேண்டிய பகுதி முதுமையில் முழுதாக அடங்குவதில்லை. அதனால்தான் டி.வி. ஓடும்போது பேசினால் பெரியவர்களுக்குக் கவனம் சிதறுகிறது. அதனால்தான் தெரிந்த பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வர மறுக்கிறது. ஆனால் பயப்படாதீர்கள். மூளை கைகட்டிக்கொண்டு நிற்பதில்லை. இளைஞர் ஒரு பக்கத்து மூளையால் செய்யும் நினைவு வேலையை, நன்றாகச் செயல்படும் முதியவர்கள் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக்கொண்டு செய்து முடிக்கிறார்கள் என்று ராபர்ட்டோ கபேசா குழுவினர் 2002இல் காட்டினார்கள். முதுமை மெதுவாக்கும், முடக்காது.

அப்படியானால் முடக்குவது எது? நோய்.

2004இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிரெய்சியஸ் குழு, அல்சைமர் நோயாளிகளிடம் இயல்புநிலை வலையமைப்பின் பிணைப்பு தளர்ந்திருப்பதைக் கண்டது. அடுத்த ஆண்டு ராண்டி பக்னர் குழு இன்னொரு உண்மையை வைத்தது. அல்சைமர் 1906இல் பார்த்தாரே அந்தப் படிவு, அது மூளையில் எங்கே விழுகிறது தெரியுமா? பெரும்பாலும் இதே வலையமைப்பின் முனைகளில்தான். வாழ்நாள் முழுக்க ஓயாமல் உழைத்த சந்திப்புகளில்தான். அறிகுறி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பே அந்தப் படிவு தொடங்கிவிடுகிறது. எழுபது வயதில் வழி மறப்பவருக்கு ஐம்பது வயதிலேயே உள்ளே வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது.

2009இல் வில்லியம் சீலி குழு இன்னும் ஒரு படி மேலே போனது. மூளையைச் சிதைக்கும் வெவ்வேறு நோய்கள் வெவ்வேறு வலையமைப்புகளைத் தாக்குகின்றன என்று அவர்கள் நிறுவினார்கள். இந்த ஓர் உண்மை நம் வீடுகளில் எத்தனை சண்டையை நிறுத்தக்கூடியது என்று பாருங்கள்.

இயல்புநிலை வலையமைப்பு தளர்ந்தால், காலையில் சாப்பிட்டது நினைவில் நிற்காது. "எனக்குச் சோறே போடலை" என்று அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வார். மருமகளுக்கு அவமானம், மகனுக்குக் கோபம். அம்மா பொய் சொல்கிறாரா? இல்லை. சாப்பிட்டது அவர் மூளையில் பதியவே இல்லை.

நெற்றிப்புற மறதி நோய் என்று ஒன்று உண்டு. எது முக்கியம், யார் மனம் புண்படும் என்று உணர்த்தும் வலையமைப்பை அது தாக்கும். ஐம்பது, அறுபது வயதிலேயே வரலாம். மரியாதையாக வாழ்ந்த மனிதர் சபையில் கூச்சமில்லாமல் பேசுவார்; மனைவி அழுதாலும் அசைய மாட்டார். ஊர் என்ன சொல்லும்? "திமிர் பிடித்துப்போச்சு" என்று சொல்லும். திமிரா அது? நோய்.

லூயி உடல் மறதி நோய் என்று இன்னொன்று உண்டு. இல்லாத குழந்தைகள் வீட்டுக்குள் ஓடுவது போலத் தெரியும். ஒரு நாள் தெளிவு, மறுநாள் குழப்பம். "காத்துக் கருப்பு அண்டிடுச்சு" என்று கோடாங்கியிடம் அழைத்துப்போவோம். பேயா அது? நோய்.

ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் கட்டுக்குள் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடினால், மூளையின் ஆழத்தில் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெடும். பகுதிகளை இணைக்கும் வெண்ணிற நரம்பிழைகள் பட்டினி கிடக்கும். பேச்சும் நடையும் தீர்மானமும் மந்தமாகும். சோம்பலா அது? நோய்.

இப்போது அடுப்படிக்குத் திரும்புவோம். மாவுக் கிண்ணத்தோடு நின்றாரே அந்த ஆயா, அவர் கையில் யாராவது துடுப்பைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கை தானாகக் கிண்டத் தொடங்கும். கட்டி விழாமல், ஓரம் வழித்து, பழைய வேகத்திலேயே கிண்டும். எதற்குப் பிறகு எது என்று வரிசை வகுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. கைப்பழக்கத்தைக் காக்கும் தொடர்பு வேறு. அது நெடுநாள் தாங்கும். பழைய பாட்டு, பழகிய தாளம், அன்பாகத் தொடும் கை, இவற்றை உணரும் ஆற்றலும் அப்படித்தான். நோய் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. எஞ்சியிருப்பதைப் பிடித்துக்கொண்டு வாழ வைப்பதுதான் பராமரிப்பு.

"இதெல்லாம் பட்டணத்து வியாதி" என்று யாராவது நினைக்கிறீர்களா? எண்ணிக்கையைக் கேளுங்கள். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களிடம் நடத்திய தேசிய அளவிலான லாசி-டாட் ஆய்வு 2023இல் வெளியானது. முதியோரில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய். ஏறத்தாழ 88 லட்சம் மனிதர்கள். நகரத்தில் 5.3 சதவீதம், கிராமத்தில் 8.4 சதவீதம். ஆண்களில் 5.8, பெண்களில் 9. ஆக, இது கிராமத்தில் அதிகம், பெண்களிடம் அதிகம். பள்ளிக்கூடத்து வாசலைப் பார்க்காத தலைமுறையிடம் அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் பின்தங்கியிருந்த மாவட்டம் நம்முடையது. அதனால்தான் இந்தப் பேச்சு சென்னையைவிடத் தொப்பூரில் அதிகம் தேவைப்படுகிறது.

நம்மைப் போன்ற கிராமத்து மனிதர்களை ஆய்வுலகம் நெடுநாள் எட்டிப் பார்க்கவில்லை. அந்த நிலையும் இப்போது மாறி வருகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கும் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்துக் கிராமங்களில் 45 வயது தாண்டிய பத்தாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் பெரும்பணியில் இறங்கியிருக்கிறது. நம்மைப் போலவே ராகி தின்னும் மக்கள். மாம்பழம் விளைவிக்கும் மக்கள். அவர்களுடைய ரத்தமும் நினைவாற்றலும் மூளைப் படமும் சொல்லும் பாடம் நாளைக்கு நமக்கும் உதவும்.

இன்னோர் ஆய்வைச் சொல்கிறேன். இது உங்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். ஐதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 391 பேர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசுபவர்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட அவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்தத் தாமதம் தெரிந்தது. எந்த மொழியை எப்போது பேசுவது, எதை அடக்குவது என்று மூளையின் கட்டுப்பாட்டு வலையமைப்பு நாள்தோறும் பழகுகிறது. அந்தப் பழக்கம் நோயை எதிர்த்து நிற்கும் சேமிப்பாகிறது என்பது அறிஞர்களின் விளக்கம். எல்லா நாட்டு ஆய்வுகளும் ஒரே குரலில் இதைச் சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பெங்களூரு சந்தையில் கன்னடம், சரக்கு ஏற்றும் இடத்தில் இந்தி என்று பேசும் மக்கள் நிறைந்த மாவட்டம் இது. அவ்வாவிடம் தெலுங்கில் பேசத் தயங்கும் பேரப்பிள்ளைகளே, தயங்காதீர்கள். பேசுங்கள். அது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

சரி, நம் கையில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டது. அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால், உலகில் வரும் மறதி நோயில் ஏறக்குறைய பாதியை, அதாவது 45 சதவீதத்தை, தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்களின் கணிப்பு. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மிதமிஞ்சிய குடி, உடலுழைப்பின்மை, உடல் பருமன், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, காது மந்தம், பார்வைக் குறைவு, சிறுவயதில் கல்வியின்மை, தலைக்காயம்.

தலைக்காயம் என்ற சொல்லைக் கணவாய் ஓரத்து ஊரில் நின்று சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. ஹெல்மெட் இன்றைக்கு உயிரைக் காப்பாற்றுகிறது. முப்பது ஆண்டு கழித்து நினைவையும் காப்பாற்றுகிறது. இளைஞர்களே, இதை மறக்காதீர்கள்.

காது மந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காது கேட்காதவரிடம் யாரும் பேசுவதில்லை. பேச்சு குறைந்தால் உறவு குறையும். உறவு குறைந்தால் மூளைக்கு வேலை குறையும். அமெரிக்காவில் 2023இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் வரும் வாய்ப்பு அதிகமிருந்த முதியோருக்குக் காது கேட்கும் கருவி கொடுத்தபோது, மூன்று ஆண்டுகளில் அவர்களுடைய அறிவாற்றல் தேய்வு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பின்லாந்தில் 1,260 முதியோரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தக்கொதிப்புக் கண்காணிப்பு நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றக் குழுவைவிட அவர்களின் அறிவாற்றல் மேலாக இருந்ததை 2015இல் அறிவித்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் பெரும் பணம் வேண்டுமா? வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. வந்த மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறோமா? "தலைசுற்றல் நின்னுடுச்சு" என்று பாதியில் விட்டுவிடுகிறோமா? கையை நெஞ்சில் வைத்துச் சொல்லுங்கள்.

மறதி தெரிந்தவுடன் மருத்துவரிடம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, விழுந்ததில் தலைக்குள் தேங்கிய ரத்தம், தின்னும் மாத்திரைகளின் பக்கவிளைவு, இவையும் மறதி நோய் போலவே வேடம் போடும். இவற்றைக் கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். நான் சொன்ன வலையமைப்புப் படம் இன்று ஆய்வுக்குத்தான் பயன்படுகிறது. அதற்காக யாரும் கடன் வாங்கிப் பெருநகரம் போக வேண்டாம். பொறுமையாகக் கேள்வி கேட்கும் மருத்துவர், ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் சாதாரண ஸ்கேன், இவையே முதல் படி. அல்சைமர் நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் அறிகுறியைத் தணிக்கும் மாத்திரைகள் உண்டு. குடும்பம் தயாராவதற்கு நேரமும் கிடைக்கும்.

தாய்மார்களே, கடைசியாக உங்களிடம் ஒரு சொல். இந்த நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பாரம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுகிறது. இரவில் தூக்கம் இல்லை, பகலில் நன்றி இல்லை. ஆண்மக்களே, முறை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியைப் பத்தாவது முறை கேட்டாலும் முதல் முறை போலவே பதில் சொல்லுங்கள். "இப்பத்தானே சொன்னேன்" என்று வாதாடி ஜெயிப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. உதவி வேண்டுமானால் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண் இருக்கிறது. மனம் சோர்ந்தால் 14416 என்ற எண் இருக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது மூன்றே மூன்று. வீட்டில் அறுபது தாண்டியவர் இருந்தால், இந்த மாதத்துக்குள் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, காது, கண் நான்கையும் பார்த்துவிடுங்கள். வழி மறந்தால், வேலையின் வரிசை மறந்தால், குணம் மாறினால், "வயசாயிடுச்சு" என்று ஒதுக்காமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். நாள்தோறும் கொஞ்ச நேரம், செல்போனைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இந்த மூன்றையும் இன்றைக்கே தொடங்குங்கள்.